கம்பியில் குத்தாத பழுப்பு உறை

1987 செப்டம்பர் 16, புதன்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். ஸ்டவ் பற்றவைத்துக் கடுங்காப்பி போட்டேன். ஐந்துக்கு மருந்தறை ஜன்னலைத் திறந்து வெளியே தெரிகிற தூரத்தைப் பார்த்தேன்; பனி வேலியோடு நின்றது. டெட்டால், பஞ்சு, பேண்டேஜ், சல்ஃபா மாத்திரை, ஓஆர்எஸ் பாக்கெட் என்று அன்று வாங்க வேண்டிய பதினொரு பொருட்களைச் சீட்டில் எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்தேன். ஐந்தே காலுக்குப் பூட்டிவிட்டு மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தேன். இதெல்லாம் அன்றைய டைரியில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஐம்பது புதன்கிழமைகளிலும் ஏறக்குறைய இதேதான் எழுதியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கல்வராயன் மலையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சின்ன மருந்தகத்தில் டிரஸ்ஸர் வேலை. புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது, பேரேட்டில் எழுதுவது. என்னோடு ஒரு நர்சம்மா. டாக்டர் மாதம் இரண்டு முறை ஜீப்பில் வருவார். நர்சம்மாவுக்குக் குடும்பம் இருந்தது. நாலு மணிக்கு மேல் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு என் அறையில் நானும் ஒரு டிரான்சிஸ்டரும். டைரியின் அடியில் ஒரு வரி தினமும் எழுதுவேன்: 'பேசியவர்கள்.' நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் அந்த வரியில் 'ஒருவர்' என்றுதான் இருக்கிறது.

புதன்கிழமை மட்டும் எண்ணிக்கை கூடும். அன்று கள்ளக்குறிச்சிக்குப் போய் மருந்து வாங்கி வருவது என் வேலை. அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறவரின் கடை. கயிறு, வாளி, அரிக்கேன் கண்ணாடி, டார்ச் பேட்டரி விற்கிற கடை. மலையில் தபால் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் உண்டு என்பதால் மலையில் இருக்கிற பலர் பாய் கடை முகவரியைத்தான் கொடுப்போம். தபால்காரர் கொண்டுவருவதைப் பாய், கடை முன்தூணில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்திவிடுவார். வந்த வரிசையில் கார்டும் கவரும் ஒன்றன் மேல் ஒன்றாக அதில் இருக்கும். இறங்கி வருகிறவர்கள் தாங்களே புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, கேட்க வேண்டியதில்லை என்பதனாலேயே.

ஜூலையில் நான் ஒரு பரீட்சை எழுதியிருந்தேன். சேலத்துக்கு அப்பால் ஒரு பெரிய மருத்துவமனையில் 'மருத்துவர் உதவியாளர்' என்று இரண்டு வருடப் பயிற்சி. நோயாளியை முதலில் விசாரித்து எழுதுவது, காயம் தைப்பது, ஆபரேஷனில் டாக்டருக்குக் கைகொடுப்பது எல்லாம் கற்றுத் தருவார்கள். இப்போது அதற்குப் பட்டப் படிப்பே வந்துவிட்டது. அப்போது அந்த மருத்துவமனை தானாக நடத்திய பயிற்சி அது. மொத்தம் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். கையில் தையல் ஊசியோடு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நாட்கள் எனக்கு இருந்தன. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நர்சம்மாவுக்கு மட்டும் தெரியும், விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து தேவைப்பட்டதால்.

அதன் பிறகு ஏழு புதன்கிழமைகள் அந்தக் கம்பியைப் புரட்டினேன். அன்றும் ஒன்பதரைக்குக் கடைக்குப் போய்ப் புரட்டினேன். யாரோ ஒருவருக்குத் திருமணப் பத்திரிகை, இரண்டு கார்டு. திரும்பினேன்.

கல்லாவில் பாய் இருந்தார். இரண்டு வாரமாக மஞ்சள் காமாலையில் படுத்திருந்தவர் அன்றுதான் கடைக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா தம்பி, நீங்க இன்னும் படிக்கப் போவலியா?"

"எங்க படிக்க?"

"எங்கியா? மேல 'பயிற்சி'ன்னு அச்சடிச்சி பெரிய கவரு வந்துச்சே! என் மச்சான் குடுக்கல?"

"இல்லியே பாய்."

"நீங்க கேக்கலியா?"

"கம்பியில பாத்தேன்."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் திரும்பிக் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். கடை லைசென்சுக்கும் ஊதுபத்தி டப்பாவுக்கும் பின்னாலிருந்து நீளமான பழுப்பு உறை ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார்.

"சீல் வச்ச கவரு தம்பி. அதப் போய்க் கம்பில குத்தி ஓட்ட போடுவனா? பத்தரமா உள்ள வச்சேன். தம்பி வந்து கேக்கும், எடுத்துக் குடுடான்னு சொல்லிட்டுதான் படுத்தேன். அந்தக் கம்மனாட்டி, 'யார் யாரோ வந்தாங்க, கம்பியப் பாத்தாங்க, போய்ட்டாங்க. ஒர்த்தரும் வாயே தொறக்கல மாமு'ன்றான்."

அவர் மச்சானுக்கு என்னைத் தெரியாது. நானும் அவரிடம் பெயர் சொன்னதில்லை. மற்ற கடிதங்களைப் போல இதையும் குத்தியிருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே கிடைத்திருக்கும். அது பாய் செய்த மரியாதை. வாய் திறக்காமல் போனது நான்.

தபால் முத்திரை பதினாறு நாள் பழையது. தேர்வாகியிருக்கிறேன். அசல் சான்றிதழ்களுடன் 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். கடை வாசலில் நின்று மூன்று முறை படித்தேன்.

"இப்பவே கெளம்புங்க," என்றார் பாய். "நாளைலேர்ந்து ரோட்ல ஒண்ணும் ஓடாதாம். ஒரு வாரம் மறியலாம். லாரிக்காரனுங்க நேத்தே வண்டிய ஓரங்கட்டிட்டானுங்க."

மறியல் எனக்கும் தெரியும். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள்தான் அறிவித்திருந்தார்கள். அண்ணன் அதில் தீவிரமாக இருந்தான். ஆனால் அசல் சான்றிதழ்கள் மலையில், என் டிரங்குப் பெட்டியில் இருந்தன. மருந்துகளையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதினொரு பொருட்களையும் வாங்கி, பஸ் பிடித்து, மலையேறி மருந்தகம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

நர்சம்மா உறையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தேதியைப் பார்த்தார்.

"எறங்கு தம்பி. இப்பவே எறங்கு. ராத்திரிக்குள்ள சேலம் தாண்டிடு."

"ஸ்டாக்கு ஒப்படைக்கணும்மா."

"நான் எண்ணிக்கிறேன். சாவியக் குடு, போ."

"கையெழுத்து இல்லாம எப்படி?"

"ஏன், நான் திருடிட்டுப் போயிடுவனா? பெனாயில் பாட்டல வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?"

நான் கேட்கவில்லை. நாற்பத்தொரு பொருட்கள். ஒவ்வொன்றாக எண்ணி, பேரேட்டோடு சரிபார்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டு முடித்தபோது இருட்டிவிட்டது. ஒரு சல்ஃபா மாத்திரை கணக்கில் கூடுதலாக இருந்தது, அதையும் எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கிறபோது என் கையெழுத்து அழகாக இருக்கிறது.

வியாழன் காலை இறங்கினேன். அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் பஸ் இல்லை. கள்ளக்குறிச்சி வரை நடந்தேன். கடைகள் சாத்தியிருந்தன, பாய் கடையிலும் பலகை போட்டிருந்தது. அதைத் தாண்டி சின்னசேலம் சாலையில் நடந்தால் எங்கள் கிராமத்து விலக்கு வரும். அங்கே சாலையோரத்துப் புளியமரங்கள் மூன்று குறுக்கே கிடந்தன. பச்சை மரம். இலைகள் அப்போதும் வாடவில்லை. அந்த மரங்களின் மேல் ஊர் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணன்.

"வாடா டாக்டரு!" என்றான். "மலைலேர்ந்து மறியலுக்கு எறங்கி வந்துட்டான் பார்ரா என் தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உறையைக் காட்டினேன். அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தான். முகத்தில் சந்தோஷம் வந்தது. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நாளைக்கா?"

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள."

"எப்படிப் போவ? ஆத்தூர் வரைக்கும் இதே கதைதான். ரயிலும் கெடயாது."

"நடந்து போறேன்."

"பைய மாட்டிக்கினு ரோட்ல ஒண்டியாப் போனீன்னா போலீசு ஏத்திக்கினு போயிடும். நீ மலைலேர்ந்து வந்தியா, மரம் வெட்டிட்டு வந்தியான்னு அவன் கேக்கப் போறானா?"

மரத்தின் மேலிருந்த ஒருவர், "ஒனக்கு சீட்டு கெடச்சிட்டுது, நீ போயிடுவ. எங்க புள்ளைங்களுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது. அது யாரும் வேண்டுமென்று செய்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மாலை நாலாவது மரத்தைச் சாய்த்தபோது ஒரு கிளை திரும்பி வந்து அண்ணனின் கெண்டைக்காலைக் கிழித்தது. நாலு விரல் நீளம், சதை தெரியத் தோல் விலகியிருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனால் கைது செய்வார்கள் என்றார்கள். வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வெந்நீரில் கழுவினேன். தையல் போட வேண்டிய காயம். எனக்குத் தைக்கத் தெரியாது. இறுக்கிக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே போலீஸ் ஊருக்குள் வருகிறது என்று செய்தி வந்தது. ஆண்கள் கரும்புக் காட்டுக்குள் போனார்கள். அண்ணனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். நானும் போனேன். அன்று மாலை ஐந்து மணியைக் கரும்புக்கு நடுவில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஐந்தானது. கடிகாரம் ஐந்து ஒன்றுக்குப் போனது. பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர் நேரம் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

சனி, ஞாயிறு, திங்கள். காலையும் மாலையும் கட்டை அவிழ்த்துச் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பேன். அண்ணி புளிச்சோறு கட்டிக் கொண்டுவருவாள். காட்டுக்குள் இருந்தவர்கள் தங்களுக்குள் நிறையப் பேசினார்கள். எந்த ஊரில் எத்தனை பேரைப் பிடித்தார்கள், யார் அடிபட்டார்கள், நாளை எந்த இடம் என்று. நான் வந்தால் பேச்சு மெதுவாகும். போவதற்கு உறை வைத்திருக்கிறவன் நான். டைரியில் அந்த நாட்களுக்கு 'பேசியவர்கள்' வரி வெறுமையாக இருக்கிறது. பேசவில்லை என்பதல்ல, எப்படி எண்ணுவதென்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய் காலை காயத்தின் விளிம்பு நன்றாகச் சேர ஆரம்பித்திருந்தது. அண்ணன் காலை இழுத்துக்கொண்டான்.

"ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீற. போய்த் தொலடா."

"தேதி முடிஞ்சி போச்சி."

"முடிஞ்சிதுன்னு அவன் சொன்னானா? நீயே சொல்லிக்கிறியா? போய்க் கேளு. வாய் இருக்குதில்ல?"

சாலையை விட்டு, தண்டவாளத்தின் மேல் நடந்தேன். சின்னசேலம் ஸ்டேஷனில் யாருமே இல்லை. பிளாட்பாரத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. அங்கிருந்து ஆத்தூர் வரை கட்டைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன், ஆயிரம் வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. எதிரில் ஒருவரும் வரவில்லை. ஆத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துத் தூங்கினேன். புதன் காலை, கிராமத்துத் தடங்களில் சுற்றிப் போன ஒரு தக்காளி வேன் என்னைச் சேலம் எல்லை வரை ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து பஸ் பிடித்து மருத்துவமனை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று.

அங்கே இருந்த எழுத்தர் என் உறையை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சேப்பா. அடுத்தவருக்குத் தந்தி அடிச்சாச்சு."

"ரோடு இல்லைங்க. கள்ளக்குறிச்சிலேர்ந்து நடந்து வரேன்."

அவர் என் கால்களைப் பார்த்தார். உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தார்.

"அவருக்கு இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் டயம் குடுத்திருக்கோம். அதுவரைக்கும் வரலைன்னா உன்னைச் சேத்துக்கலாம்னுட்டாரு பெரிய டாக்டர். வந்துட்டாருன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அவரும் உங்க ஜில்லாதான்."

வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. அங்கிருந்து வாசல் கேட் நேராகத் தெரியும். உட்கார்ந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அன்றைய டைரியில் ஒன்றும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். கேட்டில் பையோடு யார் நுழைந்தாலும் கையில் பழுப்பு உறை இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ரோடு திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அண்ணன் இன்னொரு மரம் வெட்ட வேண்டும், இன்னும் இரண்டு மணி நேரம் எல்லோரும் அந்த மரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஊரில் அவர்களோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு நிமிடமும் அப்படி வேண்டியதில்லை.

ஐந்து மணிக்கு எழுத்தர் வந்து கூப்பிட்டார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டாவது ஆள் நான். விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு பூட்டும் கொடுத்தார்கள்.

வியாழன் காலை முதல் வகுப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடி வழியாக வந்தேன். அதே பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. மடியில் பழுப்பு உறை, அதன் மேல் ஒரு தந்தி.

"அண்ணே, ஆபீசு எந்தப் பக்கம்ணே?"

காட்டினேன். வகுப்பு முடிந்து நாலு மணிக்கு வந்தபோதும் அவன் அங்கேயே இருந்தான். உறை மடியில் இல்லை; மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நேத்து அஞ்சு மணிக்கு ஒர்த்தரு சேந்துட்டாராம்ணே. இன்னிக்குத்தாண்ணே எங்க பக்கம் பஸ்சு உட்டான். மொத பஸ்சுலியே ஏறி வந்தேன்." மூச்சு விட்டான். "அவுருக்கு ரோடு இருந்துச்சி போல. நல்லா இருக்கட்டும்."

நான் நின்றேன்.

"அண்ணனுக்கு எந்த ஊருண்ணே? பேச்சு நம்ம பக்கம் மாரி கீதே."

"சேலம் பக்கம்," என்றேன்.

"அப்டியா," என்று தலையாட்டினான். ராத்திரி தங்க இடம் இருக்குமா என்று கேட்டான். பார்வையாளர் கொட்டகையைக் காட்டிவிட்டு விடுதிக்குப் போனேன். அன்றைய டைரியில் பாடங்களின் பெயர்கள் இருக்கின்றன, சாப்பாட்டில் என்ன குழம்பு என்று இருக்கிறது. கடைசி வரியில் 'பேசியவர்கள்: பதினான்கு பேர்' என்று எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்தேன். பல்கூட விளக்கவில்லை. முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போனேன். கோரைப் பாய் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கேட்டில் காவலாளியிடம் கேட்டேன்.

"அந்தத் தம்பியா? நாலரை வண்டிக்கே போயிருச்சே. ஏன், தெரிஞ்ச ஆளா?"

"எங்க ஊர்ப் பக்கம்," என்றேன். "வந்தவங்க நோட்டப் பாக்கலாமா?"

பார்த்தேன். அவன் பெயருக்குக் கீழே முகவரி எழுதியிருந்தான்: மேல்பார்வை, ஒரு மளிகைக் கடையின் பெயர், ரிஷிவந்தியம். என்னிடம் ஒரு உள்நாட்டுக் கடிதமும் ஒரு கார்டும் இருந்தன. கடிதம் என்றால் ஒட்டி மூடிவிடலாம். கார்டு என்றால் பாய் கடையில் போல அந்தக் கடைக் கம்பியிலும் தொங்கும், வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிப்பார்கள். காவலாளியின் மேஜையிலேயே பேனாவை வாங்கி, கார்டில் எழுதினேன். 'என் ஊர் கள்ளக்குறிச்சி. புதன்கிழமை ஐந்து மணிக்குச் சேர்ந்தவன் நான்தான்.' கீழே என் முழுப் பெயரையும் முகவரியையும் எழுதி, கேட்டுக்கு வெளியே இருந்த தபால் பெட்டியில் போட்டேன்.